ஹீட்டரில் வந்த ஆயர்

பினாங்கில் காருக்கு ஹீட்டர் மாற்றிய ஆள் நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, நான் ஏர்கண்டிஷனைத்தான் தவறிச் சொல்கிறேன் என்று நினைத்துத் திருத்துவார்கள். இல்லை, ஹீட்டர்தான். குளிர்காலத்தில் காருக்குள் சூடான காற்றை ஊதுமே, அது. வருடம் முழுவதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற ஊரில், ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரைக் கழற்றி, வேறொன்றைத் தேடிப் பிடித்து, என் கையாலேயே பொருத்தினேன். எழுபதுகளின் பிற்பகுதி அது. அப்படி ஏன் செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அதற்குள் என் மனைவிக்கு நான் செய்த அநியாயம் ஒன்று இருக்கிறது.

கார் இங்கிலாந்தில் செய்தது. தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலில் கொண்டுவந்து ஓட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். பிறகு கை மாறி என்னிடம் வந்தது. வட்ட விளக்குகள், சிவப்புத் தோல் இருக்கைகள், மரத்தாலான டேஷ்போர்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதற்கு நான் பாலிஷ் போடுவதைப் பார்த்து, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவார். அந்த டேஷ்போர்டுக்கு அடியில், முன்னால் உட்காருகிறவரின் முழங்காலுக்கு நேரே, இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஒன்றில் சூடு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மற்றொன்றில் காற்று என்று எழுதியிருக்கும். ஏ, ஐ, ஆர். மூன்றே எழுத்து.

மலாயில் அந்த மூன்று எழுத்தை ‘ஆயர்’ என்று படிக்க வேண்டும். தண்ணீர் என்று பொருள். முன்பு நான்கு எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுபதுகளில் எழுத்துமுறை மாறியபோது மூன்றாகச் சுருங்கியது. என் அக்கா குடியிருந்த ஆயர் ஈத்தாமின், அதாவது கறுப்புத் தண்ணீரின், பெயர்ப்பலகையும் மாறியது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தா குடும்பத்தில் பிறந்தவன். ஆங்கிலப் பள்ளியில் படித்து, நானும் குமாஸ்தா ஆனவன். அலுவலகத்தில் மலாய்ப் பரீட்சை எழுதச் சொன்னபோது, எழுதினேன், தேறவில்லை. அதை ஒரு குறையாகக்கூட நினைக்காத கர்வம் இருந்தது.

மனைவி புக்கிட் மெர்தாஜாம்காரி. அவளுடைய அப்பாவுக்குப் பாசாரில் மளிகைக் கடை. தமிழ்ப்பள்ளியில் படித்தாள், மலாயைக் கடையில் நின்றே சரளமாகக் கற்றுக்கொண்டாள். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் எங்கள் கல்யாணத்தில் அக்காவுக்கு முழுச் சம்மதம் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே ‘எங்கட ஆட்கள்’ என்று ஒரு சொல் அடிக்கடி வரும். மனைவி அதைக் கேட்டுக்கொண்டே தோசை சுட்டுப் போடுவாள்.

அவளுடைய அம்மா வீட்டில் ஒரு விசேஷத்துக்காக ஒரு நாள் காலை இருவரும் கிளம்பினோம். அப்போது பாலம் கிடையாது. காரை ஃபெரியில் ஏற்றித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். ஃபெரியில் நான் இறங்கிப் போய்க் கடல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சந்தன நிறப் பட்டுச்சேலை கசங்கிவிடும் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் கோப்பி ஃபிளாஸ்க். நான் திரும்பி வந்தபோது சேலையின் கீழ்ப்பகுதி முழுக்கப் பழுப்பாக நனைந்திருந்தது. காலடியில் இருந்த கம்பளமும் அப்படியே.

“என்னங்க, இதுல ஆயர்னு எழுதியிருக்கே, என்னன்னு இழுத்துப் பாத்தேன். தண்ணி வந்துருச்சு” என்றாள்.

“எதுல?”

“இந்தா, இதுல. சுடுதண்ணி.”

நான் குனிந்து பார்த்தேன். கைப்பிடியைப் பார்த்தேன், ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன்.

“அது ஆயர் இல்லம்மா. ஏர். காத்து. இங்கிலீஷ்காரன் செஞ்ச கார்ல மலாய்ல எழுதி வைப்பானா?”

“உங்க அக்கா வீட்டுக்குப் போற வழியில போர்டுல இதே எழுத்துதானே இருக்கு?”

“சரி, தண்ணி வரட்டும்” என்று சொல்லி அந்தக் கைப்பிடியை இழுத்தேன். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடி தள்ளி, மறுபடி இழுத்தேன். வரவில்லை. “கோப்பி கொட்டிருச்சுன்னா கொட்டிருச்சுன்னு சொல்லேன். நான் என்ன அடிக்கவா போறேன்?” என்றேன்.

அவள் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, நிறைய இருந்த கோப்பியை எனக்குக் காட்டினாள். நான் அதை எட்டிப் பார்க்கவில்லை. ஃபெரி கரை சேரப்போகிறது என்று காரை ஸ்டார்ட் செய்தேன். அன்று அந்த ஃபிளாஸ்க்குக்குள் பார்த்திருந்தால் இந்தப் பக்கங்களை எழுத வேண்டி வந்திராது.

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனோம். அத்தான் ஆங்கில ஆசிரியர். நல்ல உடம்பு, நல்ல குரல், எதையும் கதையாக்கிச் சிரிப்பவர். அவர் வீட்டில் அன்று பத்துப் பேருக்கு மேல் உறவினர் இருந்தார்கள். எல்லோரும் எங்களைப் போல ஆங்கிலம் படித்தவர்கள். சபையைப் பார்த்ததும் எனக்கு வாய் அரித்தது. ஃபெரி கதையைச் சொன்னேன். மனைவியின் குரலிலேயே பேசிக் காட்டினேன். கோப்பியைக் கொட்டிவிட்டு, கார்மேல் பழி போட்டு, அதற்கு மலாயையும் சாட்சிக்கு இழுத்தாள் என்று முடித்தேன்.

அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். “அப்ப நாங்க இருக்கிறது ஏர் ஈத்தாமா? கறுப்புக் காத்து? அதான் உங்கட அக்காவுக்கு இருமல்” என்றார். வீடே சிரித்தது. மனைவி முறுக்குத் தட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

திரும்பும்போது காரின் முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவள் அதைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

“என்ன இது?”

“முன்னால ஆயர் வரும்” என்றாள்.

அன்றிலிருந்து அவள் பின் இருக்கையில்தான். கோபமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. பேசுவாள், பாட்டு முணுமுணுப்பாள், இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று வழிகூடச் சொல்வாள். எல்லாம் பின்னால் இருந்து. பார்க்கிறவர்களுக்கு அவள் முதலாளியம்மா, நான் டிரைவர். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாண மண்டப வாசலில், அவளை இறக்கிவிட்டு நான் காரை நிறுத்தப் போனபோது, வரவேற்பில் நின்ற ஒருவர் ஓடி வந்து, “அண்ணே, டிரைவருங்களுக்குப் பின்னால தனியா பந்தி போட்டிருக்கு, சூடா இருக்கும், போய்ச் சாப்பிடுங்க” என்றார். எனக்கு மறுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். சாப்பாடு நன்றாகவே இருந்தது. லாரி டிரைவர் ஒருவர், “உங்க மேடம் எப்படி, கத்துமா?” என்று விசாரித்தார். கத்தமாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார் என்றேன். “அதுதான்லா கஷ்டம்” என்று என் இலையில் இன்னொரு வடையை வைக்கச் சொன்னார்.

இதற்கிடையில் காரின் ரேடியேட்டரில் அடிக்கடி தண்ணீர் குறைந்தது. நான் ஊற்றுவேன், மறுபடி குறையும். பழைய கார், ஆவியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் அலுவலகம் விட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தபோது, சிவப்பு விளக்கில் நின்றேன். நல்ல வெயில். அத்தானின் பகடி நினைவுக்கு வந்து எனக்குள் சிரித்துக்கொண்டே, “வா, ஆயர்” என்று இடது கையை நீட்டி அந்தக் கைப்பிடியை இழுத்தேன்.

வந்தது. பழுப்பாக, வெதுவெதுப்பாக, ஒரு குவளை நிறைய. காலியாக இருந்த முன் இருக்கையின் காலடியில் தடதடவென்று கொட்டி நின்றது. பச்சை விளக்கு விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடிக்கும்வரை நான் அந்தக் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். எஞ்சினின் சூடான தண்ணீர் இரண்டு குழாய்கள் வழியாக ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்கு வந்து போகும். அது ஓட்டையாகியிருந்தது. நாங்கள் ரேடியேட்டருக்கு வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். துரு சேர்ந்து அது கோப்பி நிறமாகிவிடும். கசிந்த தண்ணீர் ஹீட்டர் பெட்டிக்குள் தேங்கி நிற்கும். காற்றுக் கைப்பிடியை இழுத்தால் பெட்டியின் அடியில் ஒரு மூடி திறக்கும். காற்றுக்காக வைத்த மூடி. தேங்கியதெல்லாம் அதன் வழியாகக் கொட்டிவிடும். ஃபெரியில் நான் இழுத்தபோது வராததற்குக் காரணம், அவள் இழுத்தபோதே பெட்டி காலியாகிவிட்டதுதான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆயர் என்று எழுதியிருந்தது, இழுத்தாள், ஆயர் வந்தது.

வீட்டுக்கு நேராகப் போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சுங்கை பினாங்கில் இருந்த ரேடியேட்டர் கடைக்குப் போனேன்.

கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. என் மலாயை வைத்துத்தான் பேச வேண்டும். காரின் கதவைத் திறந்து, கைப்பிடியைக் காட்டி, “ஆயர் கெலுவார்” என்றேன். தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். தவுக்கே குனிந்து எழுத்தைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். “பெத்துல்லா” என்றார். சரிதானே, அப்படித்தானே எழுதியிருக்கிறது என்ற தோரணை. பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, உள்ளே போய்த் தம் ஆட்களையும் கூட்டிவந்து காட்டினார். என் மனைவியின் வாக்கியத்தை நானே என் வாயால் சொன்னேன், அதற்கு ஒரு கடை முழுக்கச் சிரித்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அவர் சொன்ன வழி சுலபமானது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று மாட்டிவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே போகாது. பினாங்கில் பனியா கொட்டுகிறது, ஹீட்டர் எதற்கு என்றார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்திருப்பேன். ஆனால் பள்ளி விடுமுறைக்கு அக்காவையும் அத்தானையும் கேமரன் மலைக்குக் கூட்டிப்போவதாகவும், அங்கே குளிருக்கு என் காரில் ஹீட்டர் போட்டுக் காட்டுவதாகவும் பெருமையடித்து வைத்திருந்தேன். ஹீட்டர் இல்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள். ஓட்டை என்று சொன்னால் ஃபெரியில் உண்மையில் நடந்தது வெளிவந்துவிடும். ஆக, உண்மையை மறைக்கத்தான் ஹீட்டரைச் சரிசெய்தேன்.

ஒரு சனிக்கிழமை நானே அதைக் கழற்றினேன். ரேடியேட்டரை வடித்து, எஞ்சின் பக்கம் இரண்டு குழாய்களையும் உருவிவிட்டு, முன் இருக்கையில் தலைகீழாகப் படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, கால்களை இருக்கையின் முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்து உட்கார்ந்திருந்தன. கடைசி ஆணியைக் கழற்றியபோது பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, மிச்சம் இருந்த தண்ணீர் என் முகத்திலும் பனியனிலும் கொட்டியது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் காருக்கு வெளியே மனைவியின் சேலை தெரிந்தது.

“என்ன பண்றீங்க?”

“காரைச் சுத்தம் பண்றேன்.”

“தலைகீழாவா?”

“உள்ள தூசி.”

அவள் உள்ளே போய் ஒரு துண்டு எடுத்துவந்து என் வயிற்றின்மேல் போட்டாள். பழுப்பாக நனைந்த பனியனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கோப்பி கொட்டிக்கிட்டீங்களா?” என்றாள்.

நான் டேஷ்போர்டுக்கு அடியிலேயே இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

தவுக்கே அந்தக் குட்டி ரேடியேட்டரைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தார். ஒரு மூலையில் குமிழி வந்தது, ஈயம் உருக்கிப் பற்ற வைத்தார். அடுத்த மூலையில் வந்தது, பற்ற வைத்தார். மூன்றாவது இடத்திலும் வந்ததும் கையை உதறிவிட்டு, சிம்பாங் அம்பாட்டில் பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள் என்றார். போனேன். கோரைப் புல்லுக்கு நடுவே என் காரின் உடன்பிறப்பு ஒன்று, சக்கரம் இல்லாமல், ஒரு கோழிக் குடும்பத்தோடு இருந்தது. கோழிகளை விரட்டிவிட்டு ஹீட்டரைக் கழற்றினால், உள்ளே பித்தளை புதிதுபோல் மின்னியது. இந்த நாட்டில் அதை யாரும் ஒரு முறைகூடத் திறந்திருக்கவில்லை.

அதை மாட்டி, தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, உச்சி வெயிலில் ஜன்னல்களை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. அனல் அடித்தது. வேர்த்து ஒழுக, எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளைக் கூப்பிட்டு, “முன்னால உக்காந்து பாரேன், இனிமே ஒண்ணும் வராது” என்றேன்.

அவள் ஏறவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “காரை ரிப்பேர் பண்ணிட்டீங்க, நல்லது. உங்க அக்கா வீட்டுல ஒரு கதை சொன்னீங்கல்ல, அது பாதிதான். மீதியையும் அங்கேயே சொல்லுங்க. அன்னிக்கு நான் முன்னால உக்காருறேன்.”

“சொல்றேன்” என்றேன்.

சொல்லவில்லை. பொங்கலுக்குப் போனோம், சொல்லவில்லை. அக்காவின் பிறந்தநாளுக்குப் போனோம், சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் சாப்பாட்டு மேசையில் அத்தான் தம்ளரை நீட்டி, “தங்கச்சி, கொஞ்சம் ஆயர் ஊத்துங்க, காத்து இல்ல, ஆயர்” என்பார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொள்வார். மனைவி ஊற்றிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் ரசத்தைப் பார்ப்பேன். திரும்பும்போது அவள் பின்னால் ஏறிக்கொள்வாள். அக்கா வாசலில் நின்று, “இதென்ன உங்கட வீட்டுப் பழக்கம்?” என்று ஒரு தடவை கேட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பதில் சொல்ல வேண்டியவன் கியரைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விடுமுறை வந்தது. நான்கு பேரும் கேமரன் மலைக்குக் கிளம்பினோம். அத்தான் முன்னால், பெண்கள் பின்னால். தாப்பாவைத் தாண்டி மலைப்பாதையில் ஏற ஏற, மூங்கில் காட்டுக்குள் மஞ்சு இறங்கியது. அத்தான் கைகளைத் தேய்த்துக்கொண்டு, “எங்க உம்முடைய ஹீட்டர்?” என்றார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் காருக்குள் வெதுவெதுப்பு பரவியது. அவருக்கு ஒரே குஷி. காலை நீட்டிக்கொண்டு, கைப்பிடியைத் தடவி, பின்னால் திரும்பி, “தங்கச்சி, இதை இழுத்தா கோப்பி வருமா, தேத்தண்ணியா?” என்றார்.

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நான் கண்ணாடியில் பார்த்தேன். மனைவி சிரிக்கவில்லை, வெளியே மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அக்கா வீட்டுக்கு முதல்முறை போகும்போது எந்தச் சேலை கட்டலாம் என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவள். அன்று கட்டிய பட்டுச்சேலைதான் ஃபெரியில் நனைந்தது. கறை போகவே இல்லை.

ஒரு வளைவில், ஓரமாக இடம் இருந்தது. காரை நிறுத்தினேன்.

“என்ன, கார் சூடாயிட்டுதா?” என்றார் அத்தான்.

“இல்லத்தான். இழுத்தா தண்ணிதான் வந்துச்சு” என்றேன். “அவ சொன்னது நெசம். ஹீட்டர் ஓட்டை. கோப்பி கொட்டல. நான்தான் தெரியாம அவளப் பொய்க்காரியாக்கிட்டேன்.”

அத்தான் கைப்பிடியிலிருந்து விரலை மெதுவாக எடுத்துக்கொண்டார். முதலில் பேசியது அக்கா. “விசரா உனக்கு?” என்றார் என்னிடம். “ஒரு வீடு நிறைஞ்ச சனத்துக்கு முன்னால அந்தப் பிள்ளையை வச்சுச் சிரிச்சோமே.” பிறகு அத்தானிடம், “இறங்குங்கோ. பின்னால வந்து இருங்கோ. அது அவளின்ட இடம்” என்றார்.

அத்தான் இறங்கிப் பின்னால் போனார். அவருடைய உடம்புக்குப் பின் இருக்கை போதவில்லை. முழங்கால்கள் மார்பில் முட்ட உட்கார்ந்தார். மனைவி முன்னால் வந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மடியில் சேர்த்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள். காரைக் கிளப்பினேன்.

இந்த இடத்தோடு முடித்திருந்தால் நான் நல்லவன்தான். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் அக்கா கேட்டார்: “சரி, உனக்கு இது எப்ப தெரியும்?”

மாதக்கணக்கில் தெரியும். அத்தான் தம்ளரை நீட்டிய ஒவ்வொரு முறையும் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

“போன வாரந்தான்க்கா. சர்வீஸ் பண்ணும்போது பாத்தேன்.”

பழுப்புப் பனியனின்மேல் துண்டு போட்டவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. நான் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆமாக்கா” என்றாள் அவள். “போன வாரந்தான்.”

நிஜத்தைச் சொன்னதற்காக என்னால் பொய்க்காரி ஆனவள், எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஹீட்டரின் சூட்டில் உள்ளங்கைகளைக் காட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் அத்தான், “இங்க வரைக்கும் சூடு வருதில்லையே” என்று முறையிட்டார். “குளிரட்டும்” என்றார் அக்கா.

அத்தான் இப்போது இல்லை. அக்கா இருக்கிறார், பெரிய எழுத்தாக இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். எனவே அக்காவுக்கு: அது போன வாரம் இல்லை. பொங்கலுக்கு முன்பே தெரியும். அவளுக்கும் தெரியும், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இவ்வளவையும் எழுதி மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டுக் காகிதங்களை மேசையில் வைத்தாள்.

“உங்க பொய்ய எழுதுங்க, அது உங்க இஷ்டம்” என்றாள். “என் பொய்ய எதுக்கு எழுதினீங்க? அக்கா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

அதை அடித்துவிடச் சொன்னாள். அடிக்கவில்லை.